தப்புச் சத்தமும் போன் கமராவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹட்டன் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன் நான். வீ.எச்.எஸ். கமராவைத் தோளில் சுமந்த காலத்தில் ஆரம்பித்தேன். இப்போது தோள்வலி மட்டும்தான் மிச்சம்.

போன மாசியில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தைப் பிள்ளைகள் போனில் எடுத்து யூடியூபில் போட்டார்கள். படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்புகிற இடத்தில் ஏதோ சினிமா இசையை ஒட்டியிருந்தார்கள். கேட்டால், "சத்தம் சரியா விழல மாமா" என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கூத்து மாஸ்டர், "நான் பாடினது எங்க தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு கல்யாணத்தில் மைக்கின் சுவிட்சைப் போடாமலே முழு நாளும் எடுத்தவன் நான். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். நாதஸ்வரக் கசெட் ஒன்றைப் பின்னால் ஓட்டிச் சமாளித்தேன். பெண்ணின் அம்மாயி பாடிய ஆரத்திப் பாட்டு அதோடு போனது. அடுத்த வருடம் அந்த அம்மா இறந்த பிறகு, பாட்டு இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள். பொய் சொல்லி அனுப்பினேன்.

கூத்தில் நடந்தது வேறு. போன் தானாகவே சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். தப்பு மேளம் ஓங்கி விழுந்தால் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பாடுகிறவர் குரல் அடியில் போய்விடும். தப்பு நின்றதும் காற்றையும் கடலைக்காரரையும் தூக்கிக் கொடுக்கும். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். இன்னொரு போனில் குரல் பதிவை ஓடவிட்டு, பாடுகிறவரின் சட்டைப் பையில் போட்டால் போதும். தொடங்கும்போது கமராவுக்கு முன்னால் ஒருவர் ஓங்கி ஒரு தடவை கைதட்ட வேண்டும். வெட்டி ஒட்டும்போது கை சேருகிற படத்தையும் அந்தச் சத்தத்தையும் ஒன்றாக வைத்தால் இரண்டும் பொருந்திவிடும். சினிமாவில் கட்டை தட்டுவதும் இதற்குத்தான். காற்றுக்கு, மைக்கின் மேல் ஒரு கம்பளித் துணி. என் மனைவியின் குளிர்த் தொப்பி ஒன்று இந்த வேலையில்தான் காணாமல் போனது, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வெளிச்சம் பற்றியும் கொஞ்சம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று. சுற்றுக்கு இரண்டு தடவையாக டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். பெரும்பாலான போன்கள் விநாடிக்கு 30 படம் எடுப்பதால் சிலவேளை கோயில் மண்டபத்துப் படத்தில் கோடுகள் ஓடும். விநாடிக்கு 25 படம், ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை உள்ளே விடுகிற நேரம்) 1/50 விநாடி என்று வைத்தால் அடங்கும். பனிமூட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களை எடுத்தால் முகம் கறுத்துப் போவதற்கும் காரணம் உண்டு. வெள்ளைப் பனியைப் பார்த்துக் கமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம், குளிரில் இருந்த கமராவைச் சனம் நிறைந்த சூடான அறைக்குள் கொண்டுபோனதும் எடுக்காதீர்கள். லென்ஸில் ஆவி படியும். துடைத்துத் துடைத்துக் கீறல்தான் மிஞ்சும். கொஞ்ச நேரம் பொறுத்தால் தானே போய்விடும்.

இதையெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆளில்லை. இணையத்தில் இருப்பதில் பாதி, கமரா விற்கிறவர்கள் பேச்சு. உங்கள் ஞாயிறு பதிப்பில் வாரம் கால் பக்கம் ஒதுக்கினால், என்னைப் போன்ற பழைய ஆட்கள் எழுதத் தயார். பணம் வேண்டாம். மாசிக்கு முன்னால் தொடங்கினால் நல்லது. கூத்து மாஸ்டருக்கு இந்த முறை நானே ஒரு போனைப் பையில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வீடியோக்காரர் ஒருவர்,
ஹட்டன்.