ஸ்டாண்ட்அப்பை பஸ் ஸ்டாப்பில் வையுங்கள்

சென்னைப் பேருந்துப் பயணிகளுக்காகச் செயலி எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தொழில்தான். பகலெல்லாம் ஸ்பிரிண்ட் (இரண்டு வார வேலைச் சுற்று), பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்). காலையும் மாலையும் 29சி பஸ். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன வாரம் மயிலாப்பூர் குளம் நிறுத்தத்தில் பூக்கூடையோடு நின்ற ஒரு அம்மா என் போனை எட்டிப் பார்த்தார். பஸ் எப்போது வரும் என்று கேட்பார் என நினைத்தேன். "வர்றது வெள்ளை போர்டா தம்பி?" என்றார். வெள்ளை போர்டு என்றால் சாதாரணக் கட்டணப் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து அவற்றில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. காசு கொடுக்க வேண்டிய டீலக்ஸ் வந்தால் அவர் ஏற மாட்டார், அடுத்ததற்கு நிற்பார். வண்டி நான்கு நிமிடத்தில் வருகிறது என்ற தகவலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? என்ன வகை வண்டி என்பதைத் திரையில் ஒரு சின்ன நிறப் பொட்டு சொல்லிவிடும். கட் சர்வீஸும் அப்படித்தான். அதே தட எண், ஆனால் பாதி வழியில் நின்றுவிடும். ஏறிய பிறகு கண்டக்டர் சொல்லித் தெரிந்துகொள்வது எத்தனை பேர்!

இதெல்லாம் ஏசி அறையில் எழுதும் யூசர் ஸ்டோரியில், அதாவது பயனருக்கு என்ன வேண்டும் என்ற குறிப்பில், வராது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். மென்பொருளைச் சிறிது சிறிதாக வெளியிட்டு, பயனர் சொல்வதைக் கேட்டு மாற்றிக்கொண்டே போகும் முறை அது. நம் ஆபீஸ்களில் அதன் பெயரில் மிஞ்சியது ஸ்டாண்ட்அப், அதாவது காலையில் பதினைந்து நிமிடம் நின்றபடி நடத்தும் கூட்டம் மட்டும்தான். சரி, நிற்பதுதான் நிற்கிறீர்கள், வாரம் ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள்.

முதல் ரிலீஸில் எல்லாத் தடங்களும் வேண்டாம். ஒரே ஒரு டிப்போ, இரண்டு மூன்று தடங்கள் போதும். இரண்டு வாரம் வேலை செய்துவிட்டு, டெர்மினஸில் டைம் கீப்பரிடமும் கண்டக்டர்களிடமும் டெமோ காட்டுங்கள். அவர்கள் சிரித்தால் எதற்குச் சிரித்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஸ்பிரிண்டின் பேக்லாக் அதுதான். பாரிமுனையை நினைத்து ஒருவர் பாரிஸ் என்று தேடினால் பிராட்வே வர வேண்டும் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள்.

ஐம்பது வசதிகளைப் பட்டியல் போட்டு, ஒரு வருடம் கழித்து மொத்தமாக வெளியிடுவது இந்த ஊருக்குச் சரிவராது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறந்தது. அடுத்த சில வாரங்களில் தென்மாவட்ட வண்டிகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே போயின. மாநகர பஸ்களும் அங்கே போக வேண்டியதாயிற்று. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக எந்தச் சாலை எப்போது திரும்பும் என்று டிரைவருக்கே அன்றன்றைக்குத்தான் தெரிகிறது. தேவைப் பட்டியலில் கையெழுத்து காயும் முன்பே ஊர் மாறிவிடுகிறது.

அப்புறம், டெஸ்டிங். உங்கள் மேசையில் இருக்கும் புது போனில் எல்லாம் வேகமாகத்தான் ஓடும். திரை கீறி, மெமரி நிறைந்து, டேட்டா தீரும் நிலையில் இருக்கும் போனை வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

அப்படி ஒரு போன் என்னிடம் இருக்கிறது. திங்கள்கிழமை காலை எட்டரைக்குக் குளம் நிறுத்தத்தில் இருப்பேன். யாராவது வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு டெஸ்டர், 29சி பயணி