கீதாவுக்கு ஒரு டைனோசர் லெட்டர்

கீதா,

உன் லெட்டருக்கு லேட்டாதான் பதில் போடுறேன்டி, அம்மாவுக்கு கண் ஆபரேஷன், ஆஸ்பத்திரி வீடுன்னே ஓடிருச்சு, இப்ப நல்லா இருக்காங்க, சீரியல் பாக்கவே ஆரம்பிச்சாச்சு. ஆனா உன் பொண்ணு கேட்டது மட்டும் மனசுல ஓடிட்டே இருந்துச்சு, அவ்ளோ பெரிய தழைதின்னி டைனோசர் எல்லாம் ஒரே காட்டுல இருந்தா சாப்பாடு எப்படி பத்தும்னு. எவ்ளோ நல்ல கேள்வி!

அமெரிக்காவுல யூட்டாவுல கார்னகி குவாரின்னு ஒரு எடம், 1909ல ஏர்ல் டக்ளஸ் கண்டுபிடிச்சது. 15 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஆறு கொண்டுவந்து சேத்த எலும்பெல்லாம் ஒரே பாறையில குமிஞ்சு கெடக்கு, அதனால ஒரே வட்டாரத்துல ஒண்ணா இருந்த மிருகங்களை பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கலாம். 2025ல டெக்சாஸ் யுனிவர்சிட்டி லியாம் நாரிஸும் கூட இருந்தவங்களும் அங்க கெடச்ச பல்லோட எனாமல்ல, அதாவது பல்லு மேல இருக்கற கெட்டிப் பூச்சுல, கால்சியம் ஐசோடோப்பை (ஒரே தனிமம்தான், அணுவோட எடை மட்டும் கொஞ்சம் வேற வேற) அளந்து வெளியிட்டாங்க. எலும்புல மண்ணுக்குள்ள இருக்கற தண்ணி ஊறி கெமிஸ்ட்ரி மாறிடும், எனாமல் கெட்டி, அதுல பழைய கணக்கு அப்படியே நிக்கும்.

ஏன் கார்பன் ஐசோடோப் போதலன்னு நீ கேப்பே. இன்னிக்கு ஆப்பிரிக்காவுல ஒரு மிருகம் புல் தின்னுதா மரத்தழை தின்னுதான்னு கார்பன்லயே சொல்லிடலாம், ஏன்னா செடி காத்துல இருந்து கார்பன் எடுக்கற விதத்துல சி3, சி4ன்னு வகை இருக்கு, ரெண்டுக்கும் கார்பன் கணக்கு வேற, அங்க மரம் சி3, புல்லு நிறைய சி4. ஜுராசிக் காலத்துல அந்த வித்தியாசமே கிடையாது, செடி எல்லாம் சி3தான். கால்சியம் வேற மாதிரி, ஒரே செடியிலயே கட்டைக்கும் இலைக்கும் கனமான ஐசோடோப், லேசான ஐசோடோப் விகிதம் மாறும், தின்ன மிருகத்தோட பல்லுல அது பதிஞ்சிடும்.

வந்த பதில் எனக்கு ரொம்ப பிடிச்சுது. கமாராசாரஸ்ங்கற நீளக்கழுத்து டைனோசர் ஊசியிலை மரத்தோட கட்டையான பாகத்தை விரும்பி தின்னிருக்கு. கேம்ப்டோசாரஸ் இளசான இலை, மொட்டு. இன்னொரு நீளக்கழுத்து டிப்ளோடோகஸ் தரையோரம் பெரணி, ஈக்விசிட்டம் (கணுக்கணுவா இருக்கற குதிரைவால் செடி), கூடவே கொஞ்சம் கடினமானதுன்னு கலந்து மேஞ்சிருக்கு. இவ்ளோ நாளா கழுத்து நீளத்தை வச்சு, இது உசரத்துல மேயும் அது கீழ மேயும்னுதான் பிரிச்சாங்க, இப்ப பாத்தா எந்த உசரம்ங்கறதை விட செடியில எந்த பாகம்ங்கறதுதான் பெரிய விஷயமா இருந்திருக்கு. பல்லும் தாடையும் பாத்து ஊகிச்சதுக்கு மேல நிஜமா வயித்துக்குள்ள போனதையே கேக்க முடியுதுன்னா அதை விட என்ன வேணும் சொல்லு.

நம்ம நாட்டுலயும் இருக்குடி. மகாராஷ்டிரா பிஸ்துரால கெடச்ச டைனோசர் சாணி பாறையில கார்பன் அளந்து சி3 செடிதான் தின்னிருக்குன்னு 2003ல சொன்னாங்க, 2005ல அதே சாணிக்குள்ள புல்லோட சிலிகா துகளே கெடச்சுது, டைனோசர் காலத்துலயே புல் இருந்ததுக்கு நேரடி சாட்சி. அதுக்கு முன்னாடி பெரும்பாலானவங்க அப்படி நெனைக்கல. கெமிஸ்ட்ரியும் மைக்ராஸ்கோப்பும் சேந்து வேலை செஞ்சா எவ்ளோ தெரியுதுன்னு நீ கிளாஸ்ல கண்டிப்பா சொல்லு, பசங்க பாட்டனியை மனப்பாட சப்ஜெக்ட்னு நெனைக்கறது எனக்கு தாங்கல.

லீவுல ஊட்டி போறதா எழுதியிருந்தே இல்ல, ஓடையோரம் ஈக்விசிட்டம் தேடிப் புடிச்சு பாப்பா கையில குடு, கணுக்கணுவா கழட்டிப் பாக்கட்டும், டிப்ளோடோகஸ் தின்னது இந்த குடும்பத்து செடிதான்னு சொல்லு. அவ அடுத்து என்ன கேட்டாளோ அதையும் எழுது. அண்ணனுக்கு ட்ரான்ஸ்ஃபர் கெடச்சுதா?

சுமதி