சிவாவுக்கு நோய் ரோமத்தால் வரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழகத் தலைவர்களின் வாழ்க்கையை வாரந்தோறும் வெளியிடுகிறீர்கள். தொரப்பள்ளி ராஜாஜியைப் பற்றிய பக்கத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். சுப்பிரமணிய சிவா கட்டுரையில் மட்டும், ‘சிறையில் ஆட்டு ரோமத்தைச் சுத்தம் செய்ததால் தொழுநோய் வந்தது’ என்று எழுதிவிட்டீர்கள். பள்ளி மேடைகளிலும் இப்படித்தான் பேசுகிறார்கள். தொழுநோய்ப் பிரிவில் மருத்துவம் சாரா மேற்பார்வையாளராகப் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஊர் ஊராகச் சுற்றியவன் நான். இதை அப்படியே விட மனம் வரவில்லை.

அது கிருமியால் வரும் நோய். 1873-லேயே நார்வே மருத்துவர் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். மருந்து சாப்பிடாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கிப் பழகினால் தொற்றும். வெளியே தெரியப் பல ஆண்டுகள்கூட ஆகும். 1908-ல் வ.உ.சி.யோடு கைதாகி 1912-ல் விடுதலையான சிவாவுக்குச் சிறையிலேயே தொற்றியிருக்கலாம். அங்கே அவரை வதைத்தது உண்மை. அதற்காக ரோமத்தைக் காரணமாக்கினால், சாபம், பாவம் என்று நோயை மறைப்பவர்களுக்கு இன்னொரு கதை கிடைத்ததாகிவிடும்.

நோய் இருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் தொடுவோம். நோய் இருந்தால், தேமல் இருக்கும் இடத்தில் மட்டும் தொட்டது தெரியாது. அப்படிக் கண்டுபிடித்த ஒரு பையன் மாத்திரை அட்டையை வாங்க மறுத்தான். சிவாவைப் பற்றிச் சொன்னேன். "அவருக்கே வந்துச்சா சார்?" என்று அவன் அம்மாதான் கேட்டார். அட்டையை வாங்கிக்கொண்டதும் அவர்தான்.

நோயைக் காட்டி, சிவா ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்தது. புண்களோடு நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார் அந்த மனிதர். எங்கள் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்தார். அங்கே பாரத மாதா கோயிலுக்கு 1923-ல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸை வரவழைத்து அடிக்கல் நாட்டவைத்தார். கட்டி முடிப்பதற்குள், 1925 ஜூலை 23-ல், நாற்பது வயதில் அங்கேயே காலமானார். அன்றைக்கு இந்த நோய்க்கு நீரடிமுத்து எண்ணெயை விட்டால் வேறு கதியில்லை. பலன் தரும் மருந்து 1940-களில்தான் வந்தது. இந்தப் பாப்பாரப்பட்டி வாழ்க்கைக்கு உங்கள் கட்டுரையில் ஒரே வரி. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

வரும் ஜூலை 23-க்குள் திருத்தம் வெளியிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம், நோயின் அளவைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும் என்பதையும் அதோடு சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவம் சாரா மேற்பார்வையாளர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.