தண்ணீர் மிசினில் தொடங்கு

அன்பின் நண்பா,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம். காலபோக அறுவடை முடிந்து இங்கே வயலெல்லாம் வெட்டை.

முழங்காவில் பக்கம் பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட பெடியளுக்குக் கணினி வகுப்பு வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதிலாக நான் சொல்வது, தோட்டத்துக்கு நீர் இறைக்கும் தண்ணீர் மிசின் திருத்தும் வேலை. இனி மழை வரும்வரை தோட்டங்களில் மிசின் ஓடும், பழுதும் வரும். பழகும்போதே வேலை கிடைக்கும்.

எட்டுப் பேர் போதும். தண்ணீர் மிசினில் வரும் ஹொண்டா ஜிஎக்ஸ் 160 வகைப் பழைய எஞ்சின் நாலு எடு, இருவருக்கு ஒன்று. மூன்று பேராய் விட்டால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார், அது எப்போதும் கூச்சப்படுகிற பிள்ளையாகத்தான் இருக்கும்.

முதல் நாளே விரிவுரை வேண்டாம். ஒவ்வொரு எஞ்சினிலும் ஒரு பழுதை ஒளித்து வை: ஒன்றில் பெற்றோல் திறப்பைப் பூட்டு, இன்னொன்றில் பொறி தரும் பிளக்கின் இடைவெளியை நெருக்கு. எரிபொருள், பொறி, அமுக்கம் என்ற ஒழுங்கில் தேடட்டும். இந்த எஞ்சினுக்குப் பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும்: உள்வால்வு 0.15, வெளிவால்வு 0.20 மி.மீ. படிப்பிப்பவர் ஸ்பனரைத் தொடவே கூடாது. 'என்ன பார்த்தாய், என்ன கண்டாய்?' என்று மட்டும் கேட்கட்டும். பதிலைப் பிள்ளை கொப்பியில் இரண்டு வரி எழுதட்டும். அந்தக் கொப்பி பின்னால் உதவும்.

பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடும் மிசினை நிறுத்துமுன் பெற்றோலுக்கு மாற்றாவிட்டால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் நிற்கும், காலையில் எவ்வளவு இழுத்தாலும் ஸ்ராட் ஆகாது. எஞ்சின் நன்றாக ஓடியும் தண்ணீர் வரவில்லையென்றால் உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறது, அல்லது அந்தக் குழாயின் அடியிலுள்ள புட் வால்வில் சருகு சிக்கியிருக்கிறது. பம்புக்குள் தண்ணீர் நிரப்பாமல் ஓட்டினால் அதன் சீல் எரிந்துவிடும். கிணற்று நீர் ஏழெட்டு மீற்றருக்குக் கீழே போய்விட்டால் மிசினை எவ்வளவு முறுக்கினாலும் உறிஞ்சாது. அப்போது சிலர் மிசினையே கிணற்றுக்குள் இறக்குவார்கள். இதை முதல் கிழமையிலேயே கண்டிப்பாகச் சொல்: புகையிலுள்ள காபனோரொட்சைட்டு கிணற்றுக்குள் தேங்கி ஆளைக் கொல்லும். அந்த ஆழத்துக்கு மின்சார நீர்மூழ்கிப் பம்புதான்.

கை கொஞ்சம் பழகியதும் ஊராரின் மிசினைக் கொண்டுவரச் சொல். சாமான் செலவு அவர்களுடையது. உரிமையாளரோடு பேசுவதும் பில் எழுதுவதும் பிள்ளைதான், நீ தள்ளி நில். திருத்தத் தெரிந்த பலருக்குக் கூலி கேட்க வாய் வராது. 'சாமான் இவ்வளவு, கூலி இவ்வளவு' என்று பிரித்துச் சொல்லப் பழக்கு. இதுவும் ஸ்பனர் பிடிப்பதுபோல் பயிற்சிதான்.

பஸ் காசை அன்றன்றே கொடு. மாத முடிவில் தருவதாகச் சொன்னால், கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை இரண்டாம் கிழமை நின்றுவிடும். பெண்பிள்ளைகளைச் சேர்ப்பதானால் ஒருவரைத் தனியே சேர்க்காதே, கடைசி பஸ்ஸுக்கு முன் வகுப்பையும் முடி.

சான்றிதழுக்கு அவசரப்படாதே. அனுபவத்தை மதிப்பிட்டே தேசிய தொழிற்றகைமை தரும் முறை இருக்கிறது. அதற்குத்தான் அந்தக் கொப்பியும் பில்லுகளும். மேலே படிக்க விரும்புகிற பிள்ளைக்கு கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது.

வகுப்பு நடக்கும் கொட்டில் புகை போகத் திறந்ததாக இருக்கட்டும், தீப்பிடித்தால் அணைக்க இரண்டு வாளி மணலும் பக்கத்தில் வை. பழைய எஞ்சின் எத்தனை கிடைத்ததென்று எழுது. இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் இரண்டு நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்