ஊற்றில் இறங்குமுன்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

பள்ளி விடுமுறை விட்டதும் மாப்பிள்ளையும் நீயும் பேரனைக் கூட்டிக்கொண்டு ஊற்றுகளில் நீந்தவும் கயாக் எனும் சிறு துடுப்புப் படகு ஓட்டவும் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. புளோரிடாவில் 1,000க்கும் மேற்பட்ட நன்னீர் ஊற்றுகள் இருக்கின்றன. கெய்ன்ஸ்வில்லில் குடியிருந்துகொண்டு அவற்றைப் பார்க்காமல் இருக்கலாமா? ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தண்ணீரின் தெளிவுதான் அதன் அழகு, ஆளை ஏமாற்றுவதும் அதே தெளிவுதான். ஆழம் குறைவாகத் தெரியும், குளிர் உடம்பில் ஏறுவது உடனே தெரியாது, தண்ணீர் சுத்தமானது என்றும் நம்பத் தோன்றும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

அங்கே பூமிக்கடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் பொந்துகளும் சுரங்கங்களும் ஆக்கிவிட்டது. அவற்றில் நிறைந்திருக்கும் தண்ணீர் அழுத்தத்தால் ஊற்றுக்கண் வழியே மேலே வருகிறது. கல்லிடுக்குகளில் வெகுகாலம் தங்கி வருவதால் அதில் கலங்கல் இல்லை. விநாடிக்கு 100 கன அடிக்கு மேல், அதாவது 2,800 லிட்டருக்கு மேல் பொங்கினால் அது முதல் தர ஊற்று. மெய்ன்சர் என்ற அமெரிக்க நிலத்தடிநீர் வல்லுநர் 1927இல் வகுத்த இந்த அளவைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

கோடையோ குளிர்காலமோ, தண்ணீரின் வெப்பம் மாறாது. வடக்கே 68 டிகிரி ஃபாரன்ஹீட், தெற்கே வர வர 74 வரை. செல்சியஸில் சொன்னால் 20 முதல் 23. வெயிலில் வந்து இறங்கும்போது சொர்க்கமாக இருக்கும், ஆனால் தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். பேரனைப் போன்ற மெலிந்த உடம்புக்கு அரை மணி நேரம் போதும். உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச்சு குறைந்தாலோ, "எனக்குக் குளிரவில்லை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலோ உடனே கரையேற்றிவிடு. ஈரத் துணியைக் கழற்றித் துடைத்து, உலர்ந்த உடை போட்டு, இனிப்பான எதையாவது சாப்பிடக் கொடு. 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட், அதாவது உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் நீச்சல் உடை ஒன்று வாங்கிப் போட்டால் அவன் ஒரு மணி நேரம்கூட விளையாடலாம். முதல் தடவை இறங்கும்போது குதிக்க வேண்டாம். திடீர்க் குளிர் பட்டதும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருக்கக் கூடாது. இடுப்புவரை இறங்கி, கழுத்திலும் முகத்திலும் தண்ணீரைத் தெளித்து, மூச்சு சீரானபின் போங்கள்.

ஆழத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கரையில் நின்று நேர்கீழே பார்த்தால், ஒளி வளைவதால், உண்மையான ஆழத்தில் முக்கால்வாசிதான் தெரியும். 9 அடி என்று தெரிந்தால் அது 12 அடி. சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். பேரனை "அங்கே நிற்கலாம் போ" என்று சொல்லுமுன் நீ முதலில் இறங்கிப் பார். நீச்சல் மாஸ்க் போட்டுத் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தாலும் இதே ஏமாற்று வேலைதான்: எல்லாம் கால்பங்கு கிட்டத்தில், மூன்றிலொரு பங்கு பெரிதாகத் தெரியும். கல்விளிம்பிலிருந்து தலைகீழாகப் பாய்வது எந்த ஊற்றிலும் கூடவே கூடாது.

குகை விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்க வேண்டும். சில ஊற்றுக்கண்களின் வாயில் எலும்புக்கூடு போன்ற மரணதேவன் படம் போட்ட பலகை நிற்கும். அது மிரட்டலுக்காக வைத்ததல்ல. பயிற்சி இல்லாமல் உள்ளே போன முக்குளிப்பாளர்கள், அதில் அனுபவசாலிகளும் உண்டு, திரும்பி வராமல் போயிருக்கிறார்கள். உள்ளே ஒருமுறை கால் துடுப்பு பட்டால் அடியிலுள்ள களிமண் தூள் கிளம்பி வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போகும். தலைக்குமேல் கல், நேராக மேலே வர வழியில்லை. குகைப் பயிற்சிச் சான்று இல்லாதவர்கள் விளக்கு எடுத்துச் செல்லவே பல ஊற்றுகளில் அனுமதியில்லை, ஏனென்றால் கையில் விளக்கு இருந்தால் உள்ளே எட்டிப்பார்க்கத் தோன்றும். ஸ்நார்க்கல் எனும் மூச்சுக்குழாய் போட்டு நீந்தும் உங்களுக்கு வரம்பு எளிது: தலைக்குமேல் வானம் தெரிகிற இடத்தில் மட்டும் இருங்கள். மாப்பிள்ளைக்கு மூச்சடக்கி இறங்கும் ஆசை இருந்தால், இறங்குமுன் வேகவேகமாகப் பல முறை மூச்சு இழுக்கக் கூடாது என்று சொல். அப்படி இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூச்சு முட்டுகிறது என்று எச்சரிப்பது அந்த வாயுதான், பிராணவாயு அல்ல. எச்சரிக்கை வருமுன்பே நினைவு தப்பிவிடும். ஒருவர் கீழே போனால் இன்னொருவர் மேலிருந்து கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இறங்குவது கூடாது.

இனி எங்கே போவது. முதல் பயணத்துக்கு நான் ஒக்காலா தேசிய வனத்தில் இருக்கும் அலெக்ஸாண்டர் ஊற்றைச் சொல்வேன். முதல் தர ஊற்று, ஆனால் கரை மணலாக மெல்லச் சரிந்து இறங்குகிறது. குழந்தை முழங்கால் தண்ணீரில் நின்று மீன் பார்க்கலாம். அதே வனத்தில் ஜூனிப்பர் ஊற்றும் இருக்கிறது. அங்கே குளத்தை 1930களில் கட்டினார்கள், நீந்த நல்ல இடம். ஆனால் ஜூனிப்பர் ஓடையில் கயாக் போகப் பேரனோடு இப்போது வேண்டாம். 7 மைல், நான்கு மணி நேரம், நடுவில் கரையேறி வெளியேற வழியில்லை, ஓடை குறுகலாக வளைந்து வளைந்து விழுந்த மரங்களுக்கிடையே போகும். அவன் வளரட்டும்.

இச்செட்டக்னி உங்களிடமிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். எட்டுப் பெரிய ஊற்றுகள் சேர்ந்து 6 மைல் ஆறாகி, சாண்டா ஃபே ஆற்றில் கலக்கிறது. நீரோட்டமே தள்ளிக்கொண்டு போகும், துடுப்பு திசை காட்டத்தான். அங்கே ஆற்றில் உணவும், தூக்கிப்போடும் பாட்டில், டப்பா எதுவும் எடுத்துப்போகக் கூடாது. கரையிலேயே சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். தண்ணீரில் இறங்குமிடமும் கரை ஏறுமிடமும் வேறு வேறு என்பதால், கார் எங்கே நிற்கும், திரும்ப எப்படி வருவது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு கார் இருந்தால் ஒன்றை ஏறுமிடத்தில் விட்டுவிடுவதுதான் நிம்மதி.

ஒரே கார்தான் என்றால் ரெயின்போ நதி. டன்னெலன் ஊரருகே கேபி ஹோல் என்ற பூங்காவில் கயாக்கை இறக்கி, தலை ஊற்றை நோக்கி ஒன்றரை மைல்போல எதிர்நீரோட்டத்தில் ஏறி, திரும்பும்போது தண்ணீர் போக்கிலேயே வாருங்கள். இதை எங்கும் விதியாக வைத்துக்கொள்: உடம்பில் தெம்பு இருக்கும்போதே எதிர்த்து ஏறு, களைத்தபின் ஆறு உன்னைக் கொண்டுவரட்டும். ஏறும்போது நடு ஆற்றில் போகாமல், வளைவின் உட்புறமாக ஒட்டிப் போனால் ஓட்டம் குறையும். ரெயின்போவில் மோட்டார் படகுகளும் ஓடும். மாஸ்கும் ஸ்நார்க்கலும் போட்டு நீச்சல் எல்லைக்கு வெளியே நீந்துவோர் சிவப்பில் வெள்ளைக் கோடு சாய்வாக ஓடும் கொடியை மிதவையில் கட்டி இழுத்துச் செல்ல வேண்டும் என்பது சட்டம். கொடி 12க்கு 12 அங்குலமாவது இருக்க வேண்டும், ஆற்றில் கொடியிலிருந்து 100 அடிக்குள் இருக்க வேண்டும்.

சில்வர் ஊற்றில் நீந்த முடியாது, ஆனால் கயாக்கில் போகலாம். அங்கே கரை மரங்களில் திரியும் குரங்குகளுக்கு எதையும் நீட்டாதே. 1930களில் கொண்டுவந்து விடப்பட்ட ரீசஸ் இனம் அது, மனிதருக்கு ஆபத்தான ஹெர்ப்பிஸ் பி வைரஸ் அவற்றில் சிலவற்றிடம் உண்டு. ஆரஞ்சு சிட்டியில் இருக்கும் ப்ளூ ஊற்று குளிர்காலத்தில் நீந்தும் இடமல்ல. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை அது மானட்டீ எனும் கடற்பசுக்களின் வீடு. 68 டிகிரிக்குக் கீழே அவை வெகுநேரம் தாங்காது, அதனால் ஊற்றின் சூட்டைத் தேடி வருகின்றன. அப்போது மரப்பாலத்தில் நின்று பார்ப்பதே அழகு. கிரிஸ்டல் ரிவரில் த்ரீ சிஸ்டர்ஸ் ஊற்றுக்குள்ளும் நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை படகு நுழையக் கூடாது. எங்கே மானட்டீயைக் கண்டாலும் துடுப்பை எடுத்துவிட்டு மிதந்து நில். பேரன் தொட ஆசைப்படுவான், தொடவிடாதே. தொந்தரவு பட்டுச் சூடான நீரை விட்டு அது வெளியேறினால் அதற்கு உயிரே போய்விடும்.

கயாக் வாடகைக்கு எடுக்கும்போது மேல் திறந்த வகை எடு, 10 முதல் 12 அடி. கவிழ்ந்தாலும் தண்ணீர் உள்ளே தங்காது. படகு தாங்கும் எடை அதில் எழுதியிருக்கும், அதில் முக்கால்பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம், ஏற்றினால் படகு தாழ்ந்து திரும்ப மறுக்கும். பின்பக்கம் உள்ள வடிகால் மூடியைக் கையால் திருகிப் பார்த்துவிட்டே தண்ணீரில் தள்ளு. வாடகைப் படகில் தண்ணீர் ஏற அந்த ஒரு மூடியே காரணமாகலாம். அகலமான படகுக்கு 230 அல்லது 240 சென்டிமீட்டர் துடுப்பு எடு, குட்டையாக இருந்தால் விரல்கணு படகில் உரசும். முழங்கால் லேசாக மடிந்திருக்கும்படி காலடித் தாங்கியைச் சரிசெய்து, கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி வலி. அப்போது தோள் வலிக்காது. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தே ஆக வேண்டும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது புளோரிடா சட்டம். ஆகவே பேரன் உடம்பில் எப்போதும் இருக்கட்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்: காதுக்கு மேல் ஏறினால் அது பெரிய அளவு, மாற்று. ஜாக்கெட்டில் ஒரு விசிலையும் கட்டிவிடு.

விழுந்து கிடக்கும் மரத்தை நோக்கி ஆறு உங்களை இழுத்தால், மரத்தை விட்டு விலகிச் சாய்வதுதான் மனித இயல்பு, அது தவறு. படகு மேல்நீரோட்டப் பக்கமாகத் தண்ணீரை அள்ளிக் கவிழும். மரத்தை நோக்கிச் சாய்ந்து, அதைக் கையால் தள்ளி நகர்ந்து வெளியே வா. கவிழ்ந்துவிட்டால் படகுக்கு மேல்நீரோட்டப் பக்கம் இரு. கீழ்ப்பக்கம் இருந்தால் படகும் மரமும் நடுவில் உன்னை நசுக்கும். முழங்கால் ஆழத்துக்கு மேல் ஓட்டமாக இருக்கும்போது எழுந்து நிற்காதே, கால் வேரில் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி மிதந்து கரை சேர்.

மழைக்குப் பின் போகுமுன் சுவானி, சாண்டா ஃபே ஆறுகளின் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆறு பெருகி ஊற்றின் அழுத்தத்தை மிஞ்சினால் ஊற்று பின்னோக்கி ஓடும்! இலைச்சாறு கலந்த தேயிலை நிற ஆற்றுநீர் ஊற்றுக்கண்ணுக்குள் புகுந்து, வாரக்கணக்கில் ஒரு சாணுக்கு அப்பால் தெரியாமல் செய்துவிடும். சுவானிக் கரையிலுள்ள ஃபேனிங், மானட்டீ ஊற்றுகளில் இது அடிக்கடி நடக்கும், ரெயின்போ பெரும்பாலும் தெளிந்தே இருக்கும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் நீர்மட்ட அளவீடு இணையத்தில் கிடைக்கும், பூங்காவுக்கு ஒரு போன் செய்தாலும் சொல்வார்கள்.

தெளிவான தண்ணீர் குடிநீர் அல்ல. உரமும், மாட்டுச் சாணமும், கழிவுநீர்த் தொட்டியும் நிலத்துக்குள் விடும் நைட்ரேட்டுக்கு நிறம் கிடையாது. ஊற்றுகளுக்குப் புளோரிடா வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.35 மில்லிகிராம், சில்வர் ஊற்றில் ஒன்றுக்கு மேலேயே ஓடுகிறது. அதனால்தான் நீளநீளமான நீர்ப்புல் மறைந்து, அந்த இடத்தில் முடிபோன்ற பாசி படர்கிறது. அந்தப் பாசி பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், குளித்தபின் நல்ல தண்ணீரில் உடம்பைக் கழுவுங்கள். நீர்ப்புல் மேல் நிற்க வேண்டாம். மிதந்து போகக் கற்றுக்கொடுத்தால் பேரன் உடனே பிடித்துக்கொள்வான். கோடையில் ஆழம் குறைந்து சூடேறிய ஓரத்தில் அடிமண்ணைக் கிளறி விளையாட வேண்டாம், மூக்கு வழியே மூளைக்கு ஏறும் அமீபா மிக அரிது என்றாலும், மூக்குக் கிளிப்பின் விலை சொற்பம். முதலை இருக்கும் நாடு அது. அடையாளமிட்ட எல்லைக்குள் பகலில் மட்டும் நீந்துங்கள், சூரியன் சாயுமுன் கரையேறுங்கள், எந்த முதலைக்கும் உணவு போடாதே.

நேரம்: பெரும்பாலான பூங்காக்கள் காலை 8 மணிக்குத் திறக்கும். கோடை வாரக்கடைசியில் பத்து மணிக்குள்ளேயே நிரம்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள், கூட்டம் தாங்காது. வார நாள் கிடைத்தால் விடாதே. மதியத்துக்குமேல் இடி வரும் பருவம், முதல் இடிச்சத்தத்திலேயே தண்ணீரை விட்டு வெளியேறி, கடைசி இடிக்குப் பின் அரைமணி காத்திருங்கள். எட்டு மணிக்கு இறங்கி ஒரு மணிக்குக் கரையேறினால் இந்தத் தொல்லையே இல்லை. அக்டோபரில் போக முடிந்தால் இன்னும் நல்லது, தண்ணீர் அதேதான், கூட்டம் இராது.

வீடு திரும்பியதும் கயாக், மாஸ்க், செருப்பு எல்லாவற்றையும் அலசி, உள்ளிருக்கும் தண்ணீரை வடித்து, முழுக்கக் காயவிட்டபின்தான் அடுத்த ஊற்றுக்கு எடுத்துச்செல்லுங்கள். ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் ஒரு துணுக்கு ஒட்டிப்போனாலே புதிய ஆற்றில் பரவிவிடும்.

எந்த நாளில் எங்கே போவதாக முடிவு செய்தாலும் கிளம்புமுன் எழுது, இறங்குமிடம், ஏறுமிடம், திரும்பும் நேரம் மூன்றையும். மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் ஆசி.

அன்புடன்,
அப்பா