வாசகர் வட்டத்தில் இந்த மாதம்

அன்பு மகளுக்கு,

நம் வாசகர் வட்டத்தில் என்ன படிக்கிறோம் என்று கேட்டிருந்தாய். சென்ற மாதம் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. குடிநீருக்காகச் சென்னைத் தெருக்களில் அல்லாடும் ஜமுனாவையும் அவளுக்குத் துணை நிற்கும் டீச்சரம்மாவையும் அனைவரும் ஒருமனதாகப் பாராட்டியதால் பேச்சு விரைவிலேயே முடிந்துவிட்டது.

இந்த மாதம் அப்படியல்ல. நம் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதி 1979இல் வெளிவந்த ‘கரிப்பு மணிகள்’ நாவலை எடுத்துக்கொண்டோம். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், ஆசிரியர் நேரில் வந்து தகவல் திரட்டிய உழைப்பை மதிப்பதாகவும், ஆனால் பாத்திரங்கள் பேசவேண்டிய இடங்களில் தொழிற்சங்க மேடைதான் கேட்கிறது என்றும் சொன்னார். சிலர் அதை ஆமோதித்தார்கள்.

அப்போது, இளம் வயதிலிருந்தே அளத்தில் உப்பு வாரிய ஓர் அக்கா பேசத் தொடங்கினார். நாவலை அவர் பேத்தி வாசிக்கக் கேட்டுவிட்டு வந்திருந்தார். உப்புநீரில் நின்று நின்று ஆறாமல் போன கால்புண்களையும், வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கூசிப்போன கண்களையும், ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை செய்ததையும் விவரித்துவிட்டு, “கூலியப் பத்தி ரொம்பப் பேசுறாங்கன்னு சொல்றீங்க. நாங்க வேற எதைப் பேசுனோம்?” என்று கேட்டார். அதிகாரி தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இரக்கம் வேறு, கலை வேறு என்றார். சில பக்கங்கள் கனத்துக் கிடக்கின்றன என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், எந்தப் பேச்சு இயல்பானது என்று தீர்மானிக்க அந்த அக்காவுக்கே கூடுதல் உரிமை உண்டு என்பது என் உறுதியான எண்ணம். மழைக்கால மாதங்களில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இப்போது அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் வரை விவாதம் நீண்டு, நூலகத்தைப் பூட்டும் நேரமாகிவிட்டது.

அடுத்த மாதம் பூமணியின் ‘வெக்கை’. கொலை செய்துவிட்டுத் தந்தையோடு தலைமறைவாகத் திரியும் பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் கதை. பலரும் இந்நாவலைத் தழுவிய ‘அசுரன்’ படம் பார்த்தவர்கள் என்பதால், நாவலைப் பேசி முடித்த பிறகே படத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீயும் படித்து, உனக்குப் பிடிக்காததையும் மறைக்காமல் எழுதி அனுப்பு, கூட்டத்தில் வாசித்துக்காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா