சாமிகளின் கூடாரமும் உங்கள் நகைச்சுவையும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் பயணக் கட்டுரையில், "சாமிகள் கோயிலில்தான் இருக்கும் என்று நினைத்தேன், நோர்வேயில் கூடாரத்தில் இருக்கின்றன!" என்று எழுதியிருந்தார் உங்கள் கட்டுரையாளர். இருக்கின்றன. ஆடு மாடு இருப்பதுபோல. சாமி என்பது ஸ்கண்டிநேவியாவின் வடக்கில் வாழும் ஒரு பூர்வகுடி மக்கள் கூட்டத்தின் பெயர் என்றும், மனிதருக்கு எந்த விகுதி வரும் என்றும் ஆசிரியரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

அதே பக்கத்தில் "லாப்பியர்" என்று மூன்று இடத்தில் வருகிறது. சாமி மக்களுக்கு வெளியார் வைத்த அந்தப் பெயர் அவர்களுக்கு வசைச்சொல் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே எழுதினேன். நாலு வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள், அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு. சரி, இடப் பற்றாக்குறை. பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு நகைக்கடை விளம்பரம் இருந்தது.

அப்புறம் கூடாரம். "நாலு கம்பை நட்டுத் துணியைச் சுற்றினால் முடிந்தது" என்கிறார். 80களில் மீன் தொழிற்சாலை வேலைக்கு வட நோர்வேயின் ஃபின்மார்க் வந்த தமிழர்களில் நானும் ஒருவன். என்னோடு மீன் வெட்டிய சாமிக் கிழவர் ஒருவர் (நான் "அப்பு" என்றுதான் கூப்பிடுவேன், அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார்) ஒரு கோடையில் அங்கேயுள்ள காராஷொக் என்ற ஊர்ப் பக்கம் கூட்டிப்போனார். லாவ்வு என்கிற சாமிகளின் அந்தக் கூடாரத்துக்குக் கம்பு நடுவதே இல்லை, ஐயா. நுனியில் கவையுள்ள மூன்று கம்புகளை ஒன்றுக்குள் ஒன்று கொளுவி நிறுத்துவார்கள். மற்றக் கம்புகள் அவற்றில் சாய்ந்து நிற்கும். தாழ்வாக, அகலமாக இருப்பதால் மரமில்லாத வெளியில் அடிக்கிற காற்றுக்கும் அசையாது.

உதவுகிறேன் பேர்வழி என்று நான் கத்தியோடு ஒரு பேர்ச் மரத்துக்குப் போனேன். அப்பு கையைப் பிடித்துவிட்டார். நெருக்கமாக நிற்கிற இடத்தில்தான் வெட்ட வேண்டுமாம், அதுவும் தேவைக்கு. தோலுரித்துக் காயவைத்த கம்பு பல வருஷம் வரும். அவரிடமிருந்த சில கம்புகள் அவருடைய தகப்பன் வெட்டியவை. தரையில் பேர்ச் சுள்ளி பரப்பி, மேலே துருவ மான் தோல் விரித்தார். பிறகு நான் அடுப்புக்குப் பின்னால் குறுக்கே நடந்துவிட்டேன். வாசலுக்கு எதிரே உள்ள அந்த இடத்துக்குப் போஆஷ்ஷு என்று பெயர். சமையல் சாமான் அங்கேதான் இருக்கும், பழைய காலத்தில் சடங்கு மேளமும் அங்கேதான் இருந்தது. அப்பு ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார். எங்கள் வீட்டுச் சாமியறைக்குள் யாராவது செருப்போடு போனால் அம்மா பார்ப்பாவே, அந்தப் பார்வை.

நீங்கள் போட்ட படமும் லாவ்வு அல்ல. ஒடுங்கி உயர்ந்து, புகைவாயில் இரண்டு காது வைத்திருப்பது அமெரிக்கப் பூர்வகுடிகளின் டீப்பீ. "இயற்கையோடு ஒன்றி வாழ" என்று கட்டுரையாளர் சிபாரிசு செய்யும் விடுதிக் கூடாரத்தில் அலுமினியக் கம்பியும் மின்சார அடுப்பும் இருப்பதாக அவரே எழுதுகிறார். ஒன்றட்டும்.

அவர் உல்லாசப் பயணத்துக்கு என்று நினைத்த அந்த லாவ்வுவைத்தான் 1979இல் ஒஸ்லோவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நிறுத்தி, ஆல்டா ஆற்றில் அணை வேண்டாம் என்று சாமிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். உண்ணாவிரதம் என்றால் என்னவென்று ஈழத்தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அணை வந்துவிட்டது. ஆனால் காராஷொக்கில் 2000இல் திறந்த சாமிப் பாராளுமன்றத்தின் சபை மண்டபம் லாவ்வு வடிவில் நிற்கிறது. கட்டுரையாளர் அந்த ஊருக்குப் போயிருக்கிறார், மான் இறைச்சி சாப்பிட்ட கதை ஒரு பத்தி இருக்கிறது.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். படத்தில் உள்ளது டீப்பீ என்று ஒன்று. "லாப்பியர்" அல்ல சாமி மக்கள், "இருக்கின்றன" அல்ல "இருக்கிறார்கள்" என்று மற்றது. இந்தக் கடிதத்தையும் நாலு வரியாக்குவதென்றால் தயவுசெய்து அந்த இரண்டை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
ட்ரொம்சோ, நோர்வே